நாலு வரை எண்ணியவள்

உயிரோடு இருப்பது ஒரு தகுதிக் குறைவு என்பதை அவளுக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் சுயாதீன இசைப் பேரவையின் செயலாளர். அதுவரை அவள் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை. காலையில் எழுந்து, பஸ் பிடித்து வேலைக்குப் போய், ஊரார் முழங்காலை மடக்கி நீட்டி, சாயங்காலம் வீடு திரும்புகிற எல்லாரையும்போல அவளும் ஏதோ உயிரோடு இருந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை. டாக்டர் சொல்லிவிட்டுப் போன பயிற்சியை நோயாளிகள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, காலை இறக்குங்க. திரும்ப ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாள் முழுக்க இதுதான். அங்கே அவளுக்குப் பெயரே கவுண்டிங் அக்கா.

கணவன் பல்செட் செய்கிற பட்டறையில் இருந்தான். மெழுகை உருக்கி, அச்சு வார்த்து, ரோஸ் நிற ஈறில் பல்லை வரிசையாகப் பதித்து, ராவி ராவி அடுத்தவர் சிரிப்புக்கு வழி பண்ணுகிறவன். அவனுக்கு ராக் பைத்தியம் சின்ன வயசிலேயே பிடித்துவிட்டது. எத்தனையோ பேரோடு சேர்ந்து எத்தனையோ குழு ஆரம்பித்தான். ஒருத்தன் வெளிநாடு போனான், ஒருத்தன் கல்யாணம் பண்ணிக்கொண்டான், ஒருத்தன் ஆன்மிகத்தில் இறங்கிவிட்டான். கடைசியில் இவனுக்கு வெறுத்துப்போய், “இனிமே எவனும் வேணாம். கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாட்டு எல்லாம் நானே” என்றான். அப்படிப் பண்ணினதுதான் ‘கடைவாய்ப்பல்’ என்கிற ஆல்பம். எட்டுப் பாட்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் படுக்கையறையே ஸ்டூடியோ. ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, எதிரொலி அடங்குவதற்குத் துணி அலமாரியைத் திறந்துவைத்து, டிரம்முக்குள் பழைய தலையணையைத் திணித்து வாசிப்பான். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். எல்லாவற்றையும் சமாளித்தான், ஒன்றை மட்டும் அவனால் தனியாகச் செய்ய முடியவில்லை. ரெண்டு கையிலும் குச்சியோடு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவன், கட்டிலுக்கு அந்தப் பக்கம் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரின் பட்டனை எப்படி அமுக்குவது? தானே எண்ணி ஆரம்பித்தால் பதற்றத்தில் பாட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடிவிடும். அதனால் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பட்டனை அமுக்கி, நாலு எண்ணிக் கொடுப்பாள். அவள் எண்ணினால் கடிகாரம் தோற்றுவிடும். எட்டுப் பாட்டுக்கும் வேகம் அவள் கொடுத்ததுதான்.

ஏழு பாட்டில் அவள் எண்ணியதை வெட்டிவிட்டான். மூன்றாவது பாட்டில் மட்டும் விட்டுவைத்தான். அன்றைக்கு அவள் அரைநாள் டூட்டி முடித்து, நின்று நின்று கால் வீங்கி வந்திருந்தாள். “ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு” என்று எண்ணின குரலில் அந்த அலுப்பு அப்படியே இருந்தது. “கேக்க நல்லா இருக்கும்மா, இருக்கட்டும்” என்றான். தன் குரலும் ஒரு பாட்டில் இருக்கிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு பெருமை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினான். பல மாதம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் அவனே. அப்புறம் ஒரு நாள், பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் பத்தி எழுதுகிற ஒரு விமர்சகர் கையில் அது எப்படியோ சிக்கியது. முக்கால் பக்கத்துக்கு எழுதித் தள்ளிவிட்டார்.

“மூன்றாவது பாடலின் வாசலில் ஒரு பெண் நின்று நான்குவரை எண்ணுகிறாள். அதற்குப் பிறகு அவள் வருவதே இல்லை. இந்த உலகத்தைவிட்டுப் போன மனைவியின் குரல் அது. ஐந்து என்று சொல்ல அவளுக்கு ஆயுள் இல்லை. இத்தகைய தனிமையை நம் இசை இதுவரை கேட்டதில்லை.”

அவள் அதை உரக்கப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“ஏங்க, அஞ்சு சொல்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டேனாம்!”

“விமர்சகர்னா அப்படித்தான்மா எழுதுவாங்க. ஒரு அர்த்தத்துல சொல்றாரு.”

“எந்த அர்த்தத்துல நான் செத்தேன்?”

“விடு. இத்தன நாளா ஒருத்தரும் கேக்கல. இப்பத்தான் நாலு பேரு கேக்கறாங்க.”

நாலு பேர் நாலாயிரம் பேர் ஆனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். விமர்சகர் வாய் ஊர் வாயைவிடப் பெரிது. அவள் எப்படிச் செத்தாள் என்பதில் இரண்டு கட்சி உண்டானது. நோய்தான் என்றது ஒரு கட்சி. ‘மூணு’ என்னும்போது மூச்சு இழுக்கிறதாம். விபத்து என்றது இன்னொன்று; ‘நாலு’ சட்டென்று நிற்கிறதாம். அந்தச் சட்டென்று நிற்கிற இடத்தில் உண்மையில் நடந்தது, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று அவள் எழுந்து ஓடியது. அதை எழுத எந்தக் கட்சியிலும் ஆள் இல்லை.

நாத்தனார் போன் பண்ணினாள். “அண்ணி, என்ன இப்படி ஆயிடுச்சு?”

“என்ன ஆச்சு? போன வாரம்தானே நீங்க இங்க வந்து சாப்ட்டுட்டுப் போனீங்க?”

“வந்தேன்தான். இருந்தாலும் பேப்பர்லயே போட்டிருக்காங்களே. சும்மாவா போடுவாங்க?” என்றவள், கொஞ்சம் தயங்கிவிட்டு, “அண்ணன் ஒண்டியா என்ன பண்றாரோன்னு மனசு கேக்கல” என்றாள். அண்ணி உயிரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணனுக்குப் பெண் தேட மனசு தயாராகிவிட்டது.

அப்புறம் ஒரு வானொலிப் பேட்டி. “உங்க இழப்பைப் பத்திப் பேசலாமா?” என்று கேட்டார்கள். அவன் ஒரு பெருமூச்சு விட்டு, “அதப் பத்திப் பேச விரும்பல” என்றான். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“பேச விரும்பலன்னா என்னங்க அர்த்தம்?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“பேச விரும்பலன்னுதான் அர்த்தம். நான் ஏதாவது பொய் சொன்னேனா?”

சொல்லவில்லைதான். பொய்யை ஊர் சொன்னது. இவன் அதற்குக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான், அவ்வளவுதான்.

அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் சுயாதீன இசைப் பேரவை உள்ளே வந்தது. யாருடைய கட்டுப்பாட்டுக்கும் உட்படாத இசையை ஒரு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதற்காக ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. ஐந்து மாடிக் கட்டடம், அகலமான படிக்கட்டு, மாடிக்கு இரண்டு துணைத்தலைவர். வருஷத்துக்கு ஒருமுறை மிகச் சிறந்த தனிக்கலைஞருக்கு வெண்கலத்தில் ஒரு காது கொடுப்பார்கள். வார்ப்புச் சிக்கனத்துக்காக அந்தக் காதில் துளை வைப்பதில்லை. கூடவே பேரவைக் கட்டடத்தில் ஒரு ஒலிப்பதிவு அறை, ஐந்து வருஷத்துக்கு.

செயலாளர் ஒரு புகைப்படக்காரரோடு வீட்டைப் பார்வையிட வந்தார். கதவைத் திறந்தது அவள்.

“நீங்க?”

“அவரோட சம்சாரம்.”

“ரெண்டாவதா?”

“மொதல்லேருந்தே நான்தான்.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவள் அப்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தவர், அவள் கொடுத்த டீயை யோசனையோடு குடித்து முடித்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“அம்மா, உயிரோட இருக்கறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. பேரவை அதை மதிக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் லேட்டா தெரியவந்திருக்கீங்க. பாராட்டுரை மூணு குழுவுல பாஸாகி அச்சுக்குப் போயிடுச்சு. அதுல நீங்க இல்ல. அதாவது, இல்லாதவங்களா இருக்கீங்க. இப்போ உங்களுக்காக ஒரு வரியைத் திருத்தினா மூணு குழுவும் தப்பு பண்ணிட்டதா ஆகும். உங்க ஒருத்தருக்காக இருபத்தோரு பேரு தப்பு பண்ணினவங்களா ஆகணுமா, நீங்களே சொல்லுங்க.”

“சார், நீங்க பாட்டைக் கேட்டீங்களா?” என்று கேட்டாள் அவள்.

“சேச்சே. கேட்டா ஒருதலைப்பட்சமாயிடும். தேர்வுக் குழுவுல யாரும் கேக்க மாட்டோம். விமர்சனம் மட்டும்தான் படிப்போம். அதான் எங்க நடுநிலைமை.”

போகும்போது, “விழா வரைக்கும் கொஞ்சம் வெளிய தெரியாம இருங்க. அதுக்கப்புறம் நீங்க பாட்டுக்கு இருக்கலாம்” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். புகைப்படக்காரர் கட்டிலின் வெறும் விளிம்பைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்து எண்ணின இடம்தான் அது. நிழல் விழுகிறது என்று அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

விழாவில் மூன்றாவது பாட்டை மேடையில் பாட வேண்டும் என்று முடிவானது. அப்படியானால் மறைந்தவரின் எண்ணிக்கையை யார் சொல்வது? பேரவை இதற்கென்று ஒரு குரல் தேர்வு வைத்தது. அவள் கணவனிடம் சொல்லாமல், டூட்டி முடிந்த கையோடு அங்கே போய் நின்றாள். தன் வாயால் நாலு எண்ணிக் காட்டிவிட்டால் விவகாரம் தீர்ந்துவிடும் என்று நம்பினாள், பாவம்.

கால் புதைகிற கம்பளம். சுவரோரம் ஆள் உயர ஸ்பீக்கர்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பெரிய மேஜைக்குப் பின்னால் பேரவைத் தலைவர், பக்கத்தில் இரண்டு குரல் வல்லுநர்கள், ஓரத்தில் செயலாளர். அவள் நின்று எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

ஒரு வல்லுநர் மூடிய கண்ணை வருத்தத்தோடு திறந்தார். “நல்ல முயற்சி. ஆனா உங்க குரல்ல ஒரு உயிர் இருக்கு.”

“அது கெட்டதா சார்?”

“மத்த இடத்துல நல்லது. இந்த இடத்துக்கு ஒத்துவராது. ஒரிஜினல்ல இருக்கற ஆழம் இதுல வரல.”

“ஒரிஜினலே நான்தான் சார்.”

“உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க.”

அவள் செயலாளரைப் பார்த்தாள். அவர் தன் ஷூ லேஸை ஆராய்ந்துகொண்டே, “எனக்குத் தெரிஞ்சவங்கதான். விருது வாங்கற கலைஞருக்கு ஏதோ உறவு” என்றார். அவளுக்கு அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. அவர் குடித்த டீக்கு அவள் இரண்டு ஏலக்காய் அதிகமாகத் தட்டிப் போட்டிருந்தாள்.

தலைவர் நல்ல மனுஷர். யாரையும் விளக்கம் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

“உக்காருங்கம்மா. சுயாதீனம்னா என்ன? யாரையும் சாராம இருக்கறது. ஒரு மனுஷன் யாரையும் சாராம ஒரு ஆல்பம் பண்ணியிருக்கான்னு நாங்க ஏகமனதா தீர்மானம் போட்டாச்சு. இப்போ நீங்க வந்து, பட்டன் நான் அமுக்கினேன், தாளம் நான் குடுத்தேன்னா என்ன ஆகும்? செத்தவங்களைச் சார்ந்து இருந்தா அதுக்குப் பேரு நினைவு. உயிரோட இருக்கறவங்களைச் சார்ந்து இருந்தா அதுக்குப் பேரு உதவி. உதவிக்கெல்லாம் நாங்க விருது குடுக்கறதில்ல. என்னையே எடுத்துக்கோங்க. கார்க் கதவைத் திறக்க ஒருத்தர், பேச்சு எழுதிக்குடுக்க ஒருத்தர், மாத்திரை எடுத்துத் தர ஒருத்தர் இருக்காங்க. அவங்களை நான் எங்கயாவது வெளிய சொல்றேனா? அதனாலதான் நாப்பது வருஷமா சுயாதீனமா இருக்கேன்.”

பக்கத்தில் நின்றவர் மாத்திரையை நீட்டினார். தலைவர் யாரென்று பார்க்காமலே வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எண்ணும் வேலை ஒரு நாடக நடிகைக்குப் போனது. அவள் களைப்பைப் பற்றித் தனியாகப் படித்துப் பட்டம் வாங்கியவளாம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது கணவனுக்கு வந்தது கோபம்தான்.

“உன்னை யாரு அங்க போகச் சொன்னது?”

“என் குரலை நான்தான்னு சொல்லக்கூட நான் போகக் கூடாதா?”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். பல்செட் ராவின தூசி படிந்த நெஞ்சிலிருந்து ஒரு இருமல் வந்தது. “அறை குடுக்கறாங்கம்மா” என்றான் கடைசியில். “சத்தம் வெளிய போகாத அறை. மெத்தையைத் தூக்கிச் சாத்த வேணாம். கீழ கட்டையால இடிக்கற ஆள் இல்ல. என் வாழ்க்கையில வேற என்ன கேட்டேன்?”

அவன் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த அறை அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவளும் ஆசைப்பட்டாள். அதுதான் அவளுடைய பலவீனம். ஆனால் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று அவன் நிற்கிறபோது, மீசை என்று அவன் ஒதுக்குவது தன்னையாக இருந்துவிடக் கூடாதே என்றும் பயமாக இருந்தது.

“எனக்கு மேடை வேணாம், போட்டோ வேணாம்” என்றாள். “எண்ணினது என் சம்சாரம், அதோ உக்காந்திருக்கான்னு ஒரே ஒரு வார்த்தை. அது போதும்.”

“சொல்றேன். காதைக் கையில வாங்கினப்புறம் மைக் என்கிட்டதானே இருக்கும்? யாரு தடுக்க முடியும்? சத்தியமா சொல்றேன்.”

அவள் நம்பினாள். அலமாரியில் இருந்ததிலேயே நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

விழா அரங்கில் அவளுக்குக் கடைசி வரிசை. நாற்காலி முதுகில் ‘உறவினர்’ என்று ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஏதோ ஒரு துணைத்தலைவரின் மனைவி, கைக்குட்டையை இப்போதே தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் அவன் கிட்டாரோடு நின்றான். டிரம்ஸும் பேஸும் ஏற்கெனவே பதிவானவை. ‘நாலு’ என்று கேட்டதும் ஒலிப்பதிவுக்காரர் அதை ஓடவிட வேண்டும், இவனும் அதே நொடியில் ஆரம்பிக்க வேண்டும். வெள்ளை உடையில் நடிகை வந்தாள்.

“ஒன்று” என்றாள், மேலே விளக்கைப் பார்த்து. வெகுநேரம் கழித்து “இரண்டு” வந்தது. அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருத்தர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரலாம். “மூன்று” ஒரு விம்மலாக வந்தது. “நான்கு” வரவேயில்லை. நடிகை மண்டியிட்டு மேடையில் சரிந்துவிட்டாள்.

ஒலிப்பதிவுக்காரர் தோராயமாகப் பட்டனை அமுக்கினார். இவன் வேறு எங்கேயோ ஆரம்பித்தான். பாட்டு ரெண்டு காலையும் ரெண்டு திசையில் வைத்து நொண்டியது. அவன் தலையை நிமிர்த்திக் கடைசி வரிசையைத் தேடினான். அந்தப் பார்வை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பார்வை. எங்கே இருக்கிறோம் என்பதை மறந்து, தொடையில் தட்டியபடி உரக்க எண்ண ஆரம்பித்தாள்: “ஒண்ணு, ரெண்டு, மூணு...”

“மேடம், சத்தம் போடாதீங்க. நிகழ்ச்சி நடக்குது” என்று டார்ச் அடித்தான் அரங்கக் காவலாளி.

பாட்டு பாதியில் செத்தது. அப்புறம் அரங்கமே எழுந்து கைதட்டியது. துக்கத்தில் தாளமே உடைந்துவிட்டதே என்று முன்வரிசையில் விமர்சகர் தேம்பினார்.

தலைவர் மைக்குக்கு வந்தார். “நான்கு வரை எண்ணி நம்மைவிட்டுப் பிரிந்த அந்த அம்மையாருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காப்போம்.”

எல்லாரும் எழுந்தார்கள். எழுந்திருப்பதா வேண்டாமா என்று அவளுக்கு விளங்கவில்லை. காவலாளியின் டார்ச் மறுபடி அவள் பக்கம் திரும்பியது. எழுந்தாள். தன் சாவுக்குத் தானே எழுந்து நின்று தலை குனிகிற பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தலைவரின் போன் அடித்ததால் அந்த நிமிஷம் முழுசாகக் கூட நடக்கவில்லை.

பிறகு அவன் வெண்கலக் காதை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றான். தலைவருக்கு நன்றி சொன்னான். செயலாளருக்கு, விமர்சகருக்கு, கட்டையால் இடித்த கீழ்வீட்டுக்காரருக்குக்கூட நன்றி சொன்னான். செயலாளர் ஒரு தட்டில் அறைச் சாவியை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

“மூணாவது பாட்டுல எண்ணினது...” என்று நிறுத்திக் கடைசி வரிசையைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். இத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சமாகவும் இருந்தது.

“எண்ணினது என் மனைவி.”

அவள் பாதி எழுந்துவிட்டாள்.

அவன் சாவியைப் பார்த்தான்.

“அவ இன்னிக்கு இருந்திருந்தா, ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பா.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. பாதி எழுந்தவள் உட்காரவில்லை, மீதியும் எழுந்தாள். துணைத்தலைவரின் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் நாற்காலியில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, இரக்கத்தோடு அவள் கையைப் பிடித்தாள்.

“பாவம். நீங்க சொந்தக்காரங்களா? அவங்க எப்ப தவறினாங்க?”

“இப்பத்தான்” என்றாள் அவள், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே. “நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”